புகைபோக்கி நிற்கிறது, ஆலை எங்கே?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை.)



கூலி உயர்வு, பஞ்சப்படி, போனஸ் ஆகியவற்றைப் பற்றிப் பேசத்தான் நாம் வழக்கமாகக் கூடுகிறோம். இன்று நகரங்களைத் திருத்தி அமைப்பது பற்றிப் பேச விரும்புகிறோம். 'அதில் நமக்கென்ன? அது இஞ்சினீயர்கள் பாடு, சர்க்கார் பாடு' என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். வயல் வேலை செய்யும் தோழர்களோ, 'நகரத்தில் எதை இடித்தால் என்ன, எதைக் கட்டினால் என்ன, எங்கள் கிராமத்துக்கு அது எட்டுமா?' என்று கேட்கலாம்.

எட்டும் என்பதே நமது பதில். தொழிலாளி எங்கே குடியிருக்கலாம், வேலைக்கு எவ்வளவு தூரம் போகவேண்டும், போகவர எவ்வளவு செலவாகும், வேலை போனால் எங்கே திரும்புவது என்பதெல்லாம் நகரப் படத்தில் இழுக்கப்படும் கோடுகளால் தீர்மானமாகின்றன. அந்தக் கோடு ஒரு பென்சில் கோடுதான். ஆனால் அது நமது சம்பளக் கவருக்குள் கையை விடுகிறது. ஆகவே இதையும் ஒரு கூலிப் பிரச்னையாகவே நாம் பார்க்கவேண்டும்.

இதை வெறும் வாதமாகச் சொல்லாமல், ஒரு நகரத்தில் நடந்ததை எடுத்துச் சொல்கிறோம். அந்த நகரம் பம்பாய். இன்று அதற்கு மும்பை என்று பெயர். பஞ்சாலைத் தொழிலாளி என்ற பெயரை இந்தியாவுக்கே அறிமுகப்படுத்திய நகரம் அது.

ஆலைக் கிராமம்

1854ல் கவாஸ்ஜி தாவர் என்ற பார்சி வணிகர் பம்பாயில் தார்தேவ் பகுதியில் ஒரு பஞ்சாலையை நிறுவினார். 1856ல் அது ஓடத் தொடங்கிற்று. அதைத் தொடர்ந்து பரேல், லால்பாக், வொர்லி, சிவ்ரி, பைகுல்லா என்று ஊரின் நடுப்பகுதியெங்கும் புகைபோக்கிகள் எழுந்தன. மராத்தியில் ஆலைக்கு 'கிர்ணி' என்று பெயர். 'காவ்' என்றால் கிராமம். அந்தப் பகுதிக்கு 'கிரண்காவ்' என்ற பெயர் வழங்கிற்று. அதாவது, ஆலைக் கிராமம்.

பெயர் பொருத்தமான பெயர்தான். அங்கே வந்து சேர்ந்தவர்களில் மிகப் பலர் ரத்னகிரி, சதாரா, கோலாப்பூர் பக்கத்து ஏழை விவசாயிகள். ஒரு காலை வயலிலும் மறு காலை ஆலையிலும் வைத்து வாழ்ந்தவர்கள். மாதச் சம்பளத்தில் ஒரு பகுதி மணியார்டராக ஊருக்குப் போகும். அறுவடைக்கும் திருவிழாவுக்கும் லீவு போட்டு ஊருக்கு ஓடுவார்கள்.

அவர்கள் குடியிருந்த கட்டடங்களுக்குச் 'சால்' என்று பெயர். நமது பக்கத்து லைன் வீடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று நான்கு அடுக்குக்கு அடுக்கிவிட்டால் எப்படியிருக்கும்? அதுதான் சால். நீண்ட தாழ்வாரம், அதையொட்டி வரிசையாக அறைகள், கோடியில் எல்லோருக்கும் பொதுவான குழாயும் கக்கூஸும். ஊர்க்காரர்கள் கூட்டாகச் சேர்ந்து ஓர் அறையை வாடகைக்குப் பிடிப்பார்கள். பகல் ஷிப்டுக்காரன் எழுந்து போன இடத்தில் இரவு ஷிப்டுக்காரன் வந்து படுப்பான். குடும்பத்தை ஊரில் விட்டுவந்த இந்த ஆண்களுக்குச் சமைத்துப் போட்டுப் பிழைத்த பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அந்தச் சாப்பாட்டு வீடுகளுக்கு 'கானாவள்' என்று பெயர். வட்டிக்காரனிடம் சிக்கியிருந்த அந்தப் பெண்களைத் திரட்டி 1975ல் பிரேமா பூரவ் அன்னபூர்ணா மகளிர் மண்டலியை ஆரம்பித்தார்.

சாலில் வாழ்ந்தது சுகவாழ்வு என்று சொல்ல நாம் வரவில்லை. காற்றில்லாத அறை, குழாயடிச் சண்டை, காசநோய் எல்லாம் அங்கே உண்டு. ஆயினும் அந்தப் பேட்டை தொழிலாளிக்கு மூன்று பலங்களைத் தந்தது. முதலாவது, ஆலைச் சங்கு ஊதினால் நடந்தே வேலைக்குப் போகலாம். பஸ்ஸுக்கோ ரயிலுக்கோ ஒரு காசு கொடுக்கவேண்டாம். இரண்டாவது, முகந்தெரிந்த மளிகைக்கடை. சம்பளம் தவறினால் கடன் கிடைக்கும். மூன்றாவது, ஒரு தாழ்வாரத்தில் பேசிய சேதி ஒரு மணி நேரத்தில் பத்து ஆலைகளுக்குப் பரவும். 1928ல் பம்பாய்த் தொழிலாளர்கள் ஆறு மாதம் வேலைநிறுத்தம் நடத்தினார்கள் என்றால், சங்கத்தின் கையில் பணமூட்டையா இருந்தது? கடன் கொடுத்த கடையும், சோறு போட்ட பக்கத்து அறையும், தானியம் அனுப்பிய கிராமமும் இருந்தன. குடியிருப்புத்தான் அவர்களுடைய கோட்டை.

சங்கு நின்றது

1982 ஜனவரி 18ந் தேதி பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். டாக்டர் தத்தா சாமந்த் தலைமை வகித்தார். கூலி உயர்வு, பதிலித் தொழிலாளருக்கு நிரந்தர வேலை, தாங்கள் விரும்பும் சங்கத்துக்கு அங்கீகாரம் ஆகியவை அவர்களுடைய கோரிக்கைகள். ஒரே ஒரு சங்கத்தைத்தான் முதலாளி அங்கீகரிக்கவேண்டும் என்று 1946ஆம் வருஷத்துச் சட்டம் தொழிலாளியின் கையைக் கட்டி வைத்திருந்தது.

மாதங்கள் உருண்டன. தொழிலாளர்கள் குடும்பத்தோடு ஊர் திரும்பினார்கள். கூலிக்கு வயலில் இறங்கினார்கள். கிராமம் தன் அரைவயிற்றுக் கஞ்சியைப் பங்கிட்டுக் கொடுத்தது. முதலாளிகளோ பிவண்டி, மாலேகாவ் விசைத்தறிகளில் துணி நெய்து வாங்கிக்கொண்டார்கள். அந்த வேலைநிறுத்தம் முறைப்படி வாபஸ் பெறப்படவேயில்லை. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலையை இழந்தார்கள்.

முதலாளிகள் ஏன் இறங்கிவரவில்லை? பல காரணங்கள் உண்டு. அவற்றில் முக்கியமானது ஒன்று. ஆலை நின்றிருந்த நிலத்தின் விலை ஆலையின் விலையை மிஞ்சிவிட்டது. நூறு வருஷத்துக்கு முன் நகரத்தின் விளிம்பாக இருந்த இடம், நகரம் வளர்ந்ததால் நட்ட நடு மத்தியாகிவிட்டது. 58 ஆலைகள், மொத்தம் சுமார் 600 ஏக்கர். அவற்றில் 25 ஆலைகள் தேசிய பஞ்சாலைக் கழகத்தின் கையில், அதாவது மத்திய சர்க்காரின் கையில் இருந்தன. தறியை ஓட்டி வரும் லாபத்தைக் காட்டிலும் தறியைப் பெயர்த்தெறிந்தால் வரும் லாபம் பல மடங்கு. அந்த நிலத்துக்கு அந்த விலையைத் தந்தது யார்? நான்கு தலைமுறை உழைத்து அந்த நகரத்தை நகரமாக்கிய ஜனங்கள். விலையை உண்டாக்கியவர்கள் அவர்கள். விற்கக் கிளம்பியவர் முதலாளி.

ஒரு சொல்லின் விலை

இனி நாம் சொல்லப்போவதைக் கவனமாகக் கேட்கவேண்டும். இதில் தடியடி இல்லை. துப்பாக்கிச் சூடு இல்லை. ஒரு விதி மட்டுந்தான் இருக்கிறது.

1991ல் மகாராஷ்டிர சர்க்கார் பம்பாய்க்கு நகர வளர்ச்சி விதிகளை வெளியிட்டது. அதில் 58வது விதி பஞ்சாலை நிலம் பற்றியது. ஆலையை இடித்து வேறு கட்டடம் கட்டவேண்டுமானால் நிலத்தை மூன்று பங்காகப் பிரிக்கவேண்டும். ஏறக்குறைய ஒரு பங்கு நகரசபைக்கு; அது மைதானமும் பூங்காவும் ஆகும். ஒரு பங்கு சர்க்காரின் வீட்டுவசதி வாரியத்துக்கு. அதில் சாமானியர்களுக்கு வீடு கட்டவேண்டும். மிச்சமுள்ள பங்கு ஆலைக்காரருக்கு. அந்த வருமானத்தில் அவர் தொழிலாளியின் பாக்கியைத் தீர்க்கவேண்டும், ஆலையைப் புதுப்பிக்கவேண்டும்.

நியாயமான விதி என்றே சொல்லவேண்டும். ஆனால் அதிலும் ஒரு பொந்து இருந்தது. இடித்தால்தான் பங்கு கொடுக்கவேண்டும்; இடிக்காமல் பழைய கட்டடத்தையே கடையாகவும் ஆபீசாகவும் மாற்றிக்கொண்டால் பங்கு கொடுக்கவேண்டியதில்லை! பலர் அந்தப் பொந்தில் நுழைந்தார்கள். நூற்பு நடந்த கூடத்தில் விளையாட்டு அரங்கு வந்தது. தறிக்கூடத்தில் விளம்பரக் கம்பெனி வந்தது.

1996ல் சர்க்கார் சார்ல்ஸ் கொரியா என்ற பிரபல கட்டடக் கலைஞரின் தலைமையில் ஒரு கமிட்டி வைத்தது. தேசிய பஞ்சாலைக் கழகத்தின் நிலங்களைத் துண்டு துண்டாகப் பார்க்காமல் ஒன்றாகச் சேர்த்துத் திட்டமிட்டால் மைதானம், தொழிலாளிக்கு வீடு, வேலை தரும் ஸ்தாபனங்கள், அகலமான பாதைகள் எல்லாவற்றுக்கும் இடமிருக்கிறது என்று அந்தக் கமிட்டி படம் போட்டே காட்டியது. அந்த அறிக்கையை மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள்.

பிறகு 2001ல் விதியைத் திருத்தினார்கள். மூன்று பங்கு என்ற பேச்சை நீக்கவில்லை. நிலம் என்றிருந்த இடத்தில் 'காலி நிலம்' என்று ஆக்கினார்கள். அவ்வளவுதான். கட்டடம் நின்ற நிலம் கணக்கில் வராது. ஆலைக்குள் ஏற்கெனவே காலியாகக் கிடந்த இடத்தை மட்டும் மூன்றாகப் பிரித்தால் போதும்.

இந்த 'காலி' என்ற ஒரு சொல்லின் விலை என்ன? ஒரு கணக்குப் போடுவோம். 15 ஏக்கர் ஆலை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 12 ஏக்கரில் கூடங்கள், கிடங்குகள். 3 ஏக்கர் காலியிடம். பழைய விதிப்படி மைதானத்துக்கு 5 ஏக்கர், வீட்டுக்கு 5 ஏக்கர், முதலாளிக்கு 5 ஏக்கர். புதிய விதிப்படி 3 ஏக்கரை மட்டும் பிரிக்கவேண்டும். மைதானத்துக்கு 1 ஏக்கர், வீட்டுக்கு 1 ஏக்கர், முதலாளிக்கு 13 ஏக்கர்! குழந்தைகள் விளையாடவேண்டிய 4 ஏக்கரும் தொழிலாளி குடியிருக்கவேண்டிய 4 ஏக்கரும் ஒரு சொல்லில் போய்விட்டன. எந்தத் திருடனாலும் இவ்வளவு சத்தமில்லாமல் இவ்வளவு பெரிய பொருளைத் தூக்க முடியாது.

'பழைய விதிப்படி யாரும் நிலத்தை ஒப்படைக்க முன்வரவில்லை. ஆகவே தளர்த்தினோம்' என்றது சர்க்கார். பொந்தை அடைப்பதை விட்டுவிட்டுச் சுவரையே இடித்துக் கொடுத்தார்கள். 2005ல் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு வழக்குத் தொடர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் பம்பாய் ஹைகோர்ட் பொதுமக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. இடித்த பின் காலியாகும் இடமும் காலி நிலமே என்றது. 2006 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பை மாற்றிவிட்டது. 2001ஆம் வருஷத்துத் திருத்தமே நிலைத்தது.

இதற்கிடையே 2005ல் மத்திய சர்க்காரின் பஞ்சாலைக் கழகம் தனது ஆலை நிலங்களை ஏலத்தில் விற்றது. ஒரே ஓர் ஆலையின் நிலம் மட்டும் 702 கோடி ரூபாய்க்குப் போயிற்று. ஆலைகளைச் சீர்படுத்தவே இந்தப் பணம் என்று சொன்னார்கள். அந்த ஆலைகளின் கதி என்னவாயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

யாருக்காகக் கட்டினார்கள்?

இன்று கிரண்காவில் போய் நின்று பார்த்தால் அறுபது எழுபது மாடிக் கட்டடங்கள் தெரிகின்றன. பீனிக்ஸ் ஆலை இருந்த இடத்தில் மிகப் பெரிய கடை வளாகம் இருக்கிறது. ஆலையின் புகைபோக்கியை மட்டும் இடிக்காமல் அலங்காரமாக விட்டு வைத்திருக்கிறார்கள். புகைபோக்கி நிற்கிறது, அதன் அடியில் உழைத்தவன் நிற்க இடமில்லை.

'ஆனாலும் புதிய வேலைகள் வந்தன அல்லவா?' என்று கேட்பார்கள். வந்தன. ஆபீசுகளில் படித்தவர்களுக்கு வேலை வந்தது. ஆலைத் தொழிலாளியின் வீட்டாருக்குப் பெரும்பாலும் கிடைத்தவை காவல், துப்புரவு, சுமை தூக்கும் வேலைகள். காண்டிராக்டர் மூலம், நிரந்தரமில்லாமல். ஸ்பின்னிங்கில் நிரந்தர வேலையும் பி.எப்.பும் கிராஜுவிட்டியும் வாங்கிய தகப்பனின் மகன், அதே வாசலில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் காவலாளியானான். கானாவள் நடத்திய பெண்ணுக்குச் சமைத்துப் போட ஆளில்லை. அவள் பாத்திரம் தேய்க்க வேறு வீடு தேடினாள்.

நகரத்தைத் திருத்தினோம் என்கிறார்களே, அந்தத் திருத்தமாவது உருப்படியாக நடந்ததா? லட்சக்கணக்கானவர்கள் தினமும் வந்துபோகும் ஆபீசுகளைக் கட்டினார்கள். அவர்கள் ஏறி இறங்கும் ரயில் நிலையங்களோ ஆலைக் காலத்து நிலையங்கள், பாதைகளும் அப்படியே. 2017 செப்டம்பர் 29ந் தேதி காலையில், மழைக்கு ஒதுங்கிய கூட்டமும் ரயிலிலிருந்து இறங்கிய கூட்டமுமாக, எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தின் குறுகிய நடைபாலத்துப் படியில் நெரிசல் ஏற்பட்டு 23 பேர் மாண்டார்கள். சரியாக மூன்று மாதம் கழித்து, டிசம்பர் 29ந் தேதி, பழைய கமலா ஆலை வளாகத்தில் மொட்டைமாடிக் கேளிக்கை விடுதியில் தீப்பிடித்து 14 பேர் மாண்டார்கள். மைதானமாகியிருக்கவேண்டிய நிலத்தையும் பாதையாகியிருக்கவேண்டிய நிலத்தையும் விற்றுத் தின்றதன் விலையைச் செலுத்தியவர்கள் யார்? கோடீசுவரர்கள் அந்தப் படியில் ஏறுவதில்லை. வேலைக்கு ஓடிய ஜனங்களே ஏறினார்கள்.

'பழசையே கட்டிக்கொண்டு அழுவதா?'

இங்கே ஒரு கேள்வி எழும். 'நஷ்டத்தில் ஓடும் ஆலையை என்றென்றும் ஓட்டவேண்டுமா? இடிந்து விழும் சால்களிலேயே ஜனங்கள் கிடக்கவேண்டுமா? நகரம் மாறவே கூடாதா?'

மாறவேண்டும் என்பதே நமது கட்சி. கக்கூஸுக்கு வரிசையில் நிற்கும் வாழ்வை எந்தத் தொழிலாளியும் தன் பிள்ளைக்கு விட்டுப் போக விரும்பமாட்டான். யாருக்காக மாற்றுவது, குடியிருந்தவன் எங்கே போவது என்பதுதான் தகராறு.

வேறுவிதமாகவும் செய்ய முடியும் என்பதற்கு அதே பேட்டையில் உதாரணம் இருக்கிறது. 1920களில் வெள்ளைக்காரச் சர்க்காரின் வளர்ச்சித் துறை வொர்லி, நாய்காவ், டிலைல் ரோடு, சிவ்ரி ஆகிய இடங்களில் 207 சால்களைக் கட்டியது. ஒவ்வொரு அறையும் 160 சதுர அடி. நூறு வருஷத்தில் அவை சிதைந்துவிட்டன. இடித்துக் கட்டும் பொறுப்பு வீட்டுவசதி வாரியத்துக்கு வந்தது. அதே மண்ணில், அதே குடும்பங்களுக்கு, 500 சதுர அடி வீடு என்பது ஏற்பாடு. வருஷக்கணக்கில் இழுத்தடித்தார்கள்; குடியிருந்தோர் விடாமல் கேட்டார்கள். 2025 ஆகஸ்டில் வொர்லியில் முதல் தொகுதியாக 556 குடும்பங்களுக்குச் சாவி கொடுக்கப்பட்டது. 160 அடியில் இருந்தவன் 500 அடிக்குப் போனான். வொர்லியை விட்டுப் போகவில்லை. இது முடியும் என்றால், 600 ஏக்கரில் ஏன் முடியாமல் போயிற்று? நிலம் பொதுக் கையில் இருந்த இடத்தில் முடிந்தது. நிலம் கைமாறிய இடத்தில் முடியவில்லை.

தூரமும் கூலிதான்

ஆலைத் தொழிலாளருக்கு வீடு கொடுக்கவே மாட்டோம் என்று சர்க்கார் சொல்லவில்லை. வாரியத்துக்குக் கிடைத்த சிறு பங்கில் கட்டும் வீடுகளில் ஒரு பகுதியை அவர்களுக்கு ஒதுக்கினார்கள். சுமார் ஒன்றரை லட்சம் பேர் மனுப் போட்டார்கள். 2012ல் குலுக்கல் போட்டு 6,925 வீடுகளைக் கொடுத்தார்கள். இருபதாண்டு கடந்து குலுக்கல்! அதன் பிறகும் சில குலுக்கல்கள் நடந்தன. எல்லாவற்றையும் கூட்டினாலும் 2025 வரையில் இருபதாயிரத்தை எட்டவில்லை. காத்திருந்தவர்களில் எத்தனையோ பேர் கண்ணை மூடிவிட்டார்கள். அவர்களுடைய மனைவிமார்களும் மக்களும் மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகு, 'ஷேலுவிலும் வாங்கணியிலும் வீடு தருகிறோம்' என்றது சர்க்கார். அந்த இடங்கள் மும்பையின் கடைசி நிலையத்திலிருந்து ரயில் பாதையில் எழுபது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கின்றன. 2025 ஜூலையில் தொழிலாளர்களும் அவர்கள் வாரிசுகளும் ஆஸாத் மைதானத்தில் திரண்டு, 'மும்பையைக் கட்டியவர்கள் நாங்கள். எங்களுக்கு மும்பையிலேயே வீடு வேண்டும்' என்று முழங்கினார்கள்.

இதைப் பேராசை என்று சிலர் எழுதினார்கள். நடந்து வேலைக்குப் போனவனை எழுபது கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டு வைத்தால் என்ன ஆகும்? போக இரண்டு மணி, வர இரண்டு மணி. எட்டு மணி நேர வேலைக்காக நம் முன்னோர் ரத்தம் சிந்தினார்கள். இந்தக் கோடு அதைப் பன்னிரண்டு மணி ஆக்குகிறது. அந்த நாலு மணிக்குக் கூலி கிடையாது. ரயிலுக்குக் காசு நாம்தான் கொடுக்கவேண்டும். வீட்டு வேலைக்குப் போகும் பெண் காலையில் ஒரு வீடு, மாலையில் ஒரு வீடு என்று பார்க்க முடியாது. அவளுக்கு வேலையே போய்விடும். ஆகவேதான் சொல்கிறோம்: தூரத்தைக் கூட்டுவது கூலியைக் குறைப்பதற்குச் சமம்.

சென்னைத் தோழர்களுக்கு இது புதிதல்ல. கூவம், அடையாறு ஓரங்களிலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள் 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரிக்கும், பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி அழைத்துப் போனார்கள். செம்மஞ்சேரியிலும் வெள்ளம் புகுந்தது. வீடு கிடைத்தது, வேலை ஊரிலேயே நின்றுவிட்டது.

இந்தத் தந்திரம் இன்று பிறந்ததுமல்ல. 1896ல் பம்பாயில் பிளேக் பரவியபோது, நகரத்தைச் சுத்தமாக்கப் போவதாக 1898ல் ஓர் அபிவிருத்தி டிரஸ்டு வைத்தார்கள். அது பேட்டைகளை இடித்து அகலமான வீதிகளைத் திறந்தது. பெயர்க்கப்பட்ட ஏழைகளோ அடுத்த சந்தில் இன்னும் நெருக்கமாக அடைந்துகொண்டார்கள். முதலாளித்துவம் குடியிருப்புப் பிரச்னையைத் தீர்ப்பதில்லை, இடம் மாற்றி வைக்கிறது என்பதை எங்கெல்ஸ் 1872லேயே எடுத்துக் காட்டியிருந்தார். அவர் கண்ணெதிரே இருந்தது பாரிஸ் நகரம். பம்பாயிலும் அதுவே நடந்தது.

நமது ஊரில்

பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம் கர்னாட்டிக் ஆலை 1996ல் மூடப்பட்டது. இந்தியத் தொழிற்சங்க வரலாற்றில் இடம்பெற்ற அந்த மண்ணில் இன்று உயர்ந்த அடுக்குமாடிகள் எழுந்திருக்கின்றன.

தேசிய பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகளின் கதியைப் பின்னால் சொல்வதாகச் சொன்னோம். மும்பை நிலத்தை விற்ற பணத்தில் சீர்படுத்தப்படும் என்ற அந்த ஆலைகளில், நாடெங்கும் ஓடிக்கொண்டிருந்தவை 23. தமிழ்நாட்டில் ஏழு, அவற்றில் ஐந்து கோவையில். 2020 மார்ச்சில் ஊரடங்கை ஒட்டி எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். ஊரடங்கு நீங்கியது, சந்தை திறந்தது, தனியார் ஆலைகள் ஓடின. இந்த ஆலைகளின் சங்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் ஊதவில்லை. அவை நிற்கும் இடங்கள் எவை? நகரத்தின் நடுவிலும் நடுவையொட்டியும் உள்ள, தங்க விலை பெறும் மனைகள். மும்பைக் கதையை நாம் ஏன் இவ்வளவு நேரம் சொன்னோம் என்பது இப்போது புரிகிறதல்லவா?

விவசாயத் தொழிலாளர் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆலை மூடினால் ஆலைத் தொழிலாளி எங்கே போவான்? உங்கள் வயலுக்குத்தான் வருவான். பத்துப் பேர் நடவுக்கு நிற்கும் இடத்தில் பதினைந்து பேர் நிற்பார்கள். மிராசுதார் கூலியைக் குறைப்பார். நகரம் ஏழைகளை வெளியே தள்ளும்போது எங்கே தள்ளும்? உங்கள் ஊர் ஏரிக்கரைக்கும் மேய்ச்சல் புறம்போக்குக்கும் தள்ளும். நீங்கள் மாடு கட்டிய இடத்தில் அவர்களைக் கொண்டு வைத்து, இரண்டு கூட்டத்தையும் மோதவிடும். ஆகவே ஆலை நிலத்துக்கான போராட்டம் உங்கள் போராட்டமும் ஆகும்.

என்ன செய்யவேண்டும்? மூன்று காரியங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, மூடிய ஆலையை ஓட்டு என்பது முதல் கோரிக்கை. முடியவே முடியாது என்றால், நிலம் பொதுக் கையிலேயே இருக்கவேண்டும். அதில் வீடும் வேலையும் மைதானமும் வரவேண்டும். பாக்கிச் சம்பளத்தைக் காட்டி நிலத்தை விற்கக் கையெழுத்துக் கேட்டால் தனித்தனியாகப் போட்டுக் கொடுக்கவேண்டாம்.

இரண்டாவது, குடியிருப்பை இடித்துக் கட்டுவதானால் அதே இடத்தில், அல்லது நடந்து போகும் தூரத்தில், வீடு கொடுக்கவேண்டும். கட்டி முடிக்கும் வரையில் வாடகை கொடுக்கவேண்டும். பட்டியலில் உள்குடியிருப்போரும் விதவைகளும் சேரவேண்டும். இவை எழுத்தில் வரும்வரை ஒரு செங்கலும் பெயரக்கூடாது.

மூன்றாவது, பத்திரிகையில் சின்ன எழுத்தில் வரும் அறிவிப்பைப் படிக்கவேண்டும். தொழில் உபயோக நிலத்தைக் குடியிருப்பு நிலமாகவோ வியாபார நிலமாகவோ மாற்ற முனைந்தால், ஆட்சேபம் தெரிவிக்க ஜனங்களுக்கு அவகாசம் கொடுத்து அறிவிக்கவேண்டும் என்பது நமது மாநிலத்து நகரமைப்புச் சட்டம். அந்த அறிவிப்பை ரியல் எஸ்டேட்காரர் படிக்கிறார், நாம் படிப்பதில்லை. கிரண்காவில் இரண்டரை லட்சம் பேர் தெருவில் நின்று போராடிய காலத்தில் ஊரெல்லாம் பார்த்தது. 2001ல் 'காலி' என்ற சொல் விதிக்குள் நுழைந்தபோது பார்த்தவர்கள் சிலரே. வழக்குப் போவதற்கே நான்கு வருஷமாயிற்று.

ஆகவே, ஒவ்வொரு ஆலைச் சங்கமும் தன் ஆலையின் சர்வே எண், ஏக்கர் கணக்கு, பட்டா நிலம் எவ்வளவு, குத்தகை நிலம் எவ்வளவு என்பதை இந்த மாதத்துக்குள் தாலுகா ஆபீசில் நகல் எடுத்துச் சங்க அலமாரியில் வைக்கவேண்டும். நில உபயோக அறிவிப்புகளைப் பார்க்க, எழுதப் படிக்கத் தெரிந்த இரண்டு தோழர்களைப் பொறுப்பாக்கவேண்டும். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள் தங்கள் ஊர்ப் புறம்போக்கு நிலங்களுக்கு இதே காரியத்தைச் செய்யவேண்டும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்த நகல்களைக் கையோடு கொண்டுவாருங்கள். அவற்றை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு மேற்கொண்டு பேசுவோம்.